பாட்டன் பிறந்த ஊரைக் கேட்கும் சட்டம்

கேள்வி:

ஐயா, நான் மதுரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு முகாமில் இருக்கிறேன். என் தாத்தா துறையூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கங்காணியோடு ஹட்டனுக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அப்பா அங்கே லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். தாத்தாவுக்கு எழுபதுகளில் ‘இந்தியாப் பாஸ்போர்ட்’ வந்ததாம். தோட்டத்தில் கணக்கு முடித்துச் சேமலாபப் பணம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தே கப்பலேறாமல் போய்விட்டது என்று அப்பா சொல்வார். 83 கலவரத்தில் லயம் எரிந்தது. அடுத்த ஆண்டு மன்னார் வழியாகப் படகில் ராமேஸ்வரம் வந்து சேர்ந்தார்கள்.

அண்ணன் 1987 மே மாதம் பிறந்தான், நான் 1991-இல் பிறந்தேன். இரண்டு பேரும் ஒரே அரசு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தோம். அண்ணன் இந்தியன், நான் இல்லை என்று ஒருவர் சொல்கிறார். அது எப்படி? என் கணவர் 1990-இல் நான்கு வயதுக் குழந்தையாக வந்தவர். எங்கள் மகனுக்குப் பதின்மூன்று வயது. தேர்தலன்று அவன் படிக்கும் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. ஊரார் வரிசையில் நிற்பதை நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்போம். ‘அம்மா, நான் பெரியவனானால் எம்.எல்.ஏ. ஆகலாமா?’ என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வேலை செய்யும் இடத்தில் ஒரு அண்ணன், ‘வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டைக் கொடுத்தால் இந்த ஊர்க்காரன் கதி என்ன?’ என்று கேட்டார். அதற்கும் பதில் தெரியவில்லை. பிரஜாவுரிமைக்கு யார்தான் தகுதி உள்ளவர்? சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அண்ணன். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், தாய் தந்தை எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அயல்நாட்டுத் தூதரின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களைத் தொடாது. ஆகவே உங்கள் அண்ணன் குடியுரிமை கேட்டு எந்த அலுவலகத்துக்கும் மனுப் போட வேண்டியதில்லை. பிறந்த நாளிலிருந்தே அது அவரிடம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழை வைத்து அவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம், வாக்காளர் பட்டியலில் சேர 6-ஆம் எண் படிவம் கொடுக்கலாம்.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் நீதிமன்றம் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் ஓட்டுப் போட்டார். அண்ணனை இந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முகாம்களில் பிறந்த பல பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமைச் சான்று வாங்கியிருக்கிறார்கள். அண்ணனும் வாங்கியிருந்தால், எப்போது, யார் கையெழுத்தில் வாங்கினார் என்பது முக்கியம். விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ஒரு சான்று இருந்தால் எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி உங்கள் விஷயம். 1987 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து சட்டம் மாறிவிட்டது. எண்பதுகளில் வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களைப் பற்றிய கவலைதான் அந்தத் திருத்தத்துக்குப் பின்னணி. அந்தத் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைக்கு மண் மட்டும் போதாது, தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருந்தாக வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்த குழந்தைக்கு அதுவும் போதாது. ஒருவர் குடிமகனாக இருந்தால் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. ஒரே தாய்க்கு ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் இந்த நாட்டவர், மற்றவர் எந்த நாட்டவரும் இல்லை என்று ஆனது இப்படித்தான். நீங்கள் செய்த பிழை நான்கு ஆண்டு பிந்திப் பிறந்ததுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தாத்தாவுக்கு எழுபதுகளில் இந்தியாப் பாஸ்போர்ட் வந்தது என்று சொன்னீர்களே, அது பழைய கதை இல்லை. உங்கள் வழக்கே அதுதான். அந்தப் பாஸ்போர்ட் ஏன் வந்தது என்று தெரிந்தால்தான் அதன் மதிப்புத் தெரியும். யார் குடிமகன் என்ற உங்கள் பெரிய கேள்விக்குப் பதிலும் அந்தக் கதைக்குள்தான் கிடக்கிறது.

1931-இல் இலங்கையில் வயது வந்த எல்லாருக்கும், பெண்களுக்கும் சேர்த்து, வாக்குரிமை வந்தது. ஆசியாவில் அதற்கு முன் அப்படி எங்கும் வந்ததில்லை. அதைப் பரிந்துரைத்த டொனமூர் ஆணைக்குழு, இந்தியத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வைத்த அளவுகோல் ஐந்து ஆண்டு வசிப்பு. சிங்களத் தலைவர்கள் எதிர்த்ததால் அது நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணத்துக்குச் சான்று கேட்பதாகச் சுருங்கியது. சுருங்கினாலும், ‘இங்கே இருக்கிறாயா, இருக்கப் போகிறாயா?’ என்பதுதான் அப்போதைய கேள்வி. அதற்கு ஒரு தொழிலாளியால் பதில் சொல்ல முடிந்தது. 1947 பொதுத் தேர்தலில் அந்த வாக்குகளால் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார், தலவாக்கலையில் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. கொழும்பில் ஆட்சிக்கு வந்தவர்கள் இதை நன்றாகக் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

சுதந்திரம் வந்த அதே 1948-இல் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் அளவுகோலை நிதானமாகப் படியுங்கள். இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. உன் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பனுடைய தகப்பனும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைகளுக்கே பிறப்புப் பதிவு ஒழுங்காக இல்லாத காலம் அது. பாட்டனின் பிறப்புக்கு எங்கே போவது? தாயின் வழியை அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

அடுத்த ஆண்டு இன்னொரு சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் பதிவு மூலம் குடியுரிமை பெறலாம் என்றது. 1946 ஜனவரி 1-க்கு முன், மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாமல் வசித்ததைக் காட்ட வேண்டும். இரண்டே ஆண்டு கெடு. 8 லட்சம் பேருக்கு மேல் சேர்த்து மனுக்கள் போயின. 1964 வரை ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர். அதே 1949-இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்கள் அல்லாதவர்களின் பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் குடியுரிமை போனது, பிறகு ஓட்டுப் போனது, 1952 தேர்தலில் அந்த 7 இடங்களும் போயின. அதன்பின் மலையகத் தமிழர் என்று சொல்லப்படும் இந்தத் தோட்டத் தமிழர்களில் ஒருவர் மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் போனது 1977-இல்தான். 1947-இல் வென்ற அதே தொண்டமான்தான் திரும்பப் போனார். முப்பது ஆண்டு. ஒரு தலைமுறை முழுக்க ஓட்டுச்சீட்டைத் தொடாமல் கிழவர்களானது.

நம்மவர்களில் எல்லாரும் எதிர்த்து நின்றார்கள் என்று சொல்ல முடியாது. அமைச்சரவையில் இருந்த ஜி.ஜி. பொன்னம்பலம் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். அவர் கட்சியிலேயே இருந்த செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மலையகத்தானின் ஓட்டைப் பறிக்கிறவர்கள் அதோடு நிற்க மாட்டார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது யாழ்ப்பாணத்துக்கும் அது புரிந்தது.

பிறகு 1964 அக்டோபர் 30. டெல்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியா ஏழு பேரை எடுத்தால் இலங்கை நான்கு பேருக்குப் பதிவு கொடுக்கும் என்று விகிதம் வைத்து நடத்தினார்கள். அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. அரிசி மூட்டையைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள் என்று எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஆனால் நடந்தது அதுதான். அண்ணன் இங்கே, தம்பி அங்கே. தாய் இலங்கை, மகள் இந்தியா. பல லட்சம் பேர் தலைமன்னாரிலிருந்து ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்திறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை அந்தக் காலத்தில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்ததும் அதே மண்டபத்தில்தான். போகும்போதும் வரும்போதும் ஒரே முகாம். வந்தவர்களுக்காக நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றார்கள். அங்கே ‘இந்தியாக்காரர்’, இங்கே ‘சிலோன்காரர்’.

உங்கள் தாத்தா இந்த 5,25,000-க்குள் வந்தவர். கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகம்தான் அந்த மனுக்களைப் பரிசீலித்து இந்தியக் குடியுரிமையைப் பதிந்து பாஸ்போர்ட் கொடுத்தது. சேமலாபப் பணத்துக்காகக் காத்திருந்து கப்பலைத் தவறவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 1984-இல் கப்பல் போக்குவரத்தே நின்றுவிட்டது. அவர்களில் பலர் கலவரத்துக்குப் பின் படகில் வந்தார்கள். படகில் வந்ததால் ‘அகதி’ என்று பதிவானார்கள்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். ‘சட்டவிரோதக் குடியேறி’ என்பதற்கு 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் தரும் விளக்கம், உரிய பயண ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் வந்த வெளிநாட்டவர் என்று போகிறது. அதில் ‘வெளிநாட்டவர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிமகன் தன் நாட்டுக்குப் படகில் வந்தாலும் நீந்தி வந்தாலும் இந்தியக் குடிமகன்தான். தாத்தாவின் பதிவில் சிறுவனாக உங்கள் அப்பாவின் பெயரும் சேர்ந்திருந்தால் அப்பா அன்றே இந்தியர் ஆகிவிட்டார். அப்பா இந்தியர் என்றால், 1991-இல் இந்தியாவில் பிறந்த நீங்கள் 3-ஆம் பிரிவின்படி பிறப்பால் இந்தியர். யாரும் உங்களுக்குப் புதிதாக எதையும் தர வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் இந்தியக் குடிமகளை முகாமில் வைத்துத் தலை எண்ணியிருக்கிறார்கள் என்று ஆகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் தன் பாஸ்போர்ட்டைப் பாலிதீன் உறையில் சுற்றி, அதன்மேல் ஒரு துணி சுற்றி வைத்திருந்தார். அதைத் திறந்து காட்டச் சொல்லி எந்த அதிகாரியும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தானாகக் காட்டியதில்லை. ‘காட்டினால் வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்று பயம், சார்’ என்றார். தோட்டத்தில் விடிகாலைப் பிரட்டுக் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்தவர், முகாமில் ரோல்காலுக்குப் பெயர் கொடுத்தார். இரண்டு இடத்திலும் அவர் பேசுவதைக் கேட்க ஆள் இல்லை.

தாத்தாவின் பதிவு கிடைக்காவிட்டால் வழி கடினம், அடைபட்டதில்லை. பெற்றோரில் ஒருவர் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் ‘இந்திய வம்சாவளியினர்’ என்று சட்டம் சொல்கிறது. துறையூர்க்காரரின் மகனான உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தும். ஏழு ஆண்டு இங்கே வசித்திருந்தால் பதிவு கேட்டு ஆட்சியர் வழியாக மனுச் செய்யலாம். அங்கேதான் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல் குறுக்கே வந்து நிற்கும். மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்களுடைய மனுக்களை மனிதாபிமானத்தோடு பரிசீலிக்க வேண்டும், தளர்வு தர மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்ற நிலையை எடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்குக் கதவைத் திறந்தது. இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025-இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. நல்லதுதான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பதும், நீ எங்களவர் என்பதும் ஒன்றில்லை.

மகனுக்கும் ஒரு வழி உண்டு. நீங்கள் இந்தியர் என்று நிலைநாட்டினாலும், கணவர் குழந்தையாகப் படகில் வந்த காரணத்தால் 2004-க்குப் பின் பிறந்த மகனுக்குப் பிறப்புரிமை வராது. நான்கு வயதுக் குழந்தையிடம் விசா கேட்கும் சட்டம் இது. ஆனால் சிறப்புச் சூழ்நிலை இருந்தால் எந்தச் சிறுவரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதியலாம் என்று 5-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. உங்கள் குடும்பத்துக்குச் சூழ்நிலை சிறப்பில்லை என்றால் வேறு எந்தக் குடும்பத்துக்கு இருக்கும்? அவனுக்கு 18 வயது ஆவதற்குள் அந்த மனு போக வேண்டும்.

யார் தகுதி உள்ளவர் என்று கேட்டீர்கள். இத்தனை வழக்குகளைப் பார்த்த பிறகு என் பதில் இது. ஒரு தகுதி நியாயமானதா என்று பார்க்க ஒரு சோதனை போதும்: ஒரு மனிதர் தம் வாழ்க்கையால் அதை எட்ட முடியுமா? ஐந்து ஆண்டு வசித்துக் காட்டு என்றால் வசித்துக் காட்டலாம். மொழி படி என்றால் படிக்கலாம். குற்றம் செய்யாமல் இரு, வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை விட்டுவிடு என்றால் செய்யலாம். உன் பாட்டன் எங்கே பிறந்தான், நீ ஜூன் 30-இல் பிறந்தாயா ஜூலை 1-இல் பிறந்தாயா, எந்தச் சமயத்தில் பிறந்தாய் என்பவற்றை எந்த மனிதரும், எவ்வளவு உழைத்தாலும், மாற்ற முடியாது. எட்ட முடியாத ஒன்றைக் கேட்கும் சட்டம் தகுதியை அளக்கவில்லை. ஆளை வெளியே தள்ளுவதற்குக் காரணம் தேடுகிறது. 1948-இல் பாட்டனைக் கேட்ட இலங்கையே 2003-இல் இதை ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டின் 35-ஆம் எண் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வருபவரும் அவர் வழிவந்தவரும் குடிமக்கள் என்று சொல்லிவிட்டது. இங்கே வாழ்ந்தாயா என்ற ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்குத் திரும்பி வர ஒரு நாட்டுக்கு 55 ஆண்டு பிடித்தது.

இது நம் பக்கத்துக் கதை மட்டும் இல்லை. கரீபியனில் டொமினிக்கன் குடியரசு என்று ஒரு நாடு. கரும்புத் தோட்டங்களுக்கு ஹைட்டியிலிருந்து கூட்டி வந்த கூலிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். 2013-இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் 1929 வரை பின்னோக்கிப் போய் அவர்களின் குடியுரிமை செல்லாது என்றது. தேயிலையோ கரும்போ, கூலியாக வந்தவனின் பேரனிடம்தான் உலகம் திரும்பத் திரும்பப் பாட்டனின் சான்றிதழைக் கேட்கிறது. தோட்டத்தை வாங்கிய துரையின் பேரனிடம் கேட்பதில்லை.

உங்களோடு வேலை செய்யும் அந்த அண்ணனின் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள். அவர் பயம் பொய்யில்லை. 1948-இல் கண்டிச் சிங்கள விவசாயியும் அதைத்தான் கேட்டான். வெள்ளைக்காரன் தன் ஊரைச் சுற்றியிருந்த மலைகளை எடுத்துத் தோட்டமாக்கி, வெளியிலிருந்து ஆள் கொண்டு வந்து நிரப்பியதைப் பார்த்த பரம்பரையில் வந்தவன் அவன். அவனுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது லயத்தில் கிடந்தவன் இல்லை. அவனுடைய ஓட்டைப் பறித்ததால் கண்டி விவசாயிக்கு ஒரு காணி நிலமும் திரும்பக் கிடைக்கவில்லை. இங்கேயும் பாருங்கள். தமிழகத்தின் முகாம்களில் இருப்பவர்கள் சுமார் 58,000 பேர். ஏழு கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநிலம் இது. நாற்பது ஆண்டாகப் பெயிண்ட் அடித்தும் கொத்து வேலை செய்தும் இதே கடைகளில் அரிசி பருப்பு வாங்கி வரி கொடுத்தும் வருபவர்கள் புதிதாக வரப் போவதில்லை, வந்து நாளாகிவிட்டது. முகாமில் இருப்பவர்கள் இங்கே குடிமக்களாகிவிட்டால் ஈழத்தில் தமிழர் தொகை குறையும் என்று வேறு சிலர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் மகனின் வாழ்க்கையை மக்கள்தொகைக் கணக்குக்கு ஈடாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை. திரும்பிப் போக விரும்புகிறவர் போகட்டும். அது அவர் தீர்மானமாக இருக்க வேண்டும்.

ஓட்டு குடியுரிமைக்குக் காத்திருக்கத்தான் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் குடிமக்களே வாக்களிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 326-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை, குடியுரிமைக் கதவு நியாயமாகத் திறந்திருந்தால். ஆனால் உள்ளாட்சி வேறு. முகாமின் தெருவிளக்கும் குடிநீரும் சாக்கடையும் ஊராட்சியின் கையில் இருக்கின்றன. அங்கே பத்து ஆண்டு குடியிருப்பவருக்கு அதில் பேச்சு உண்டு என்பதற்குப் பெரிய தத்துவம் தேவையில்லை. நியூசிலாந்தில் 1975 முதல், நிரந்தரமாக வசிக்கும் அனுமதி பெற்ற அயல்நாட்டவர் ஓராண்டு அங்கே வாழ்ந்திருந்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம், வேட்பாளராக மட்டும் நிற்க முடியாது. இதைவிட வியப்பான ஒன்று சொல்கிறேன். துறையூரிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்குப் போய்ச் சட்டப்படி வசிக்கும் ஒருவர், காமன்வெல்த் குடிமகன் என்ற முறையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். உங்கள் தாத்தாவின் ஊர்க்காரருக்கு லண்டனில் இருக்கும் ஓட்டு, அவருடைய பேத்திக்கு மதுரையில் இல்லை.

கடைசியாகப் பதவி. பதவிக்குச் சற்றுக் கூடுதல் தகுதி கேட்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. இலங்கையில் இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நாடாளுமன்றம் போகக் கூடாது என்று 2015-இல் 19-ஆம் திருத்தம் சொன்னது, 2020-இல் 20-ஆம் திருத்தம் அதை நீக்கியது, 2022-இல் 21-ஆம் திருத்தம் மறுபடி கொண்டு வந்தது. இந்தத் தடையை நான் ஏற்கிறேன். காரணம் அதே சோதனைதான்: பதவி வேண்டுமென்றால் இரண்டாவது பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வழி அவர் கையிலேயே இருக்கிறது. ஆனால் குடிமகனாகிவிட்ட ஒருவரை ‘நீ பிறப்பால் குடிமகனா, பதிவால் குடிமகனா?’ என்று பிரித்துப் பதவியை மறுப்பதை ஏற்க முடியாது. நம் அரசமைப்பு அந்தத் தவறைச் செய்யவில்லை. அமெரிக்கா தன் அதிபருக்கு வைத்திருக்கும் பிறப்புத் தகுதியை நாம் குடியரசுத் தலைவருக்குக்கூட வைக்கவில்லை. சோனியா காந்தி 1983-இல் பதிவு மூலம் இந்தியக் குடியுரிமை பெற்றவர். இந்த நாட்டில் அவர் எத்தனை தேர்தலில் நின்று வென்றார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே மகனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். எம்.எல்.ஏ. ஆக அவன் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், மாநிலத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், 25 வயது நிரம்ப வேண்டும். பதிவால் குடிமகனானவனுக்கும் இதே சட்டம்தான்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாராவது காசுக்கு வாக்காளர் அட்டை எடுத்துத் தருகிறேன் என்று வந்தால் அனுப்பிவிடுங்கள். குடிமகன் அல்லாதவர் பொய் உறுதிமொழி கொடுத்தால் அது குற்றம், நாளை உங்கள் உண்மையான மனுவையும் அது கெடுத்துவிடும். ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது. உங்களுக்குச் சான்று தாத்தாவின் பாஸ்போர்ட், கண்டியிலிருந்து வந்த கடிதம், தோட்டத்தில் பெயர் வெட்டிய துண்டு, மண்டபத்தில் 1984-இல் பதிந்த அட்டை, அண்ணனுடையதும் உங்களுடையதுமான பிறப்புச் சான்றுகள். அப்பாவிடம் ஒரு பழைய டிரங்குப் பெட்டி இருக்கும், படகில் வந்த எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திறந்து பாருங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.